களிம்பு

பங்களாச் சாப்பாட்டு மேசையில்
முப்பத்தொன்பதாவது சாமான் அது.
நூலில் தொங்கும் காகிதத் துண்டில் எண்.
தோசைக்கரண்டி என்றுதான் நினைத்தேன்:
வட்டத் தகடு, கீழே காம்பு,
முழுக்கப் பச்சை.
கவ்வாத்து வெட்டி மூன்று மாதம் கழித்து
மேக்கணக்கு மலை எழும்புமே,
அந்தப் பச்சை.

"எல்லாத்தையும் தொடச்சு வை, செல்வமேரி,
வியாழக்கிழமை கொழும்பு ஆள் வருது,
ஏலத்துக்கு வெல போட."
கிளாக்கர் சொல்லிவிட்டுப் பெரட்டுக்குப் போனார்.

புளி. சாம்பல். பாதி எலுமிச்சை.
மாதா கோயில் குத்துவிளக்குக்கு
எந்தக் கையோ அந்தக் கை.
காம்பு நுனியில் முதலில்
ஒரு மான்தலை எட்டிப் பார்த்தது.
பிறகு பின்பக்கம்.
கீறல் என்று நினைத்தது கோடு.
கோடு என்று நினைத்தது
ஒரு பெண்ணின் முழங்கை.
நாற்காலியில் ஒருத்தி. அவள் பின்னால் நின்று
தலை வாருகிறவள் இன்னொருத்தி.
ஓரத்தில் எழுத்துகள்,
சீனிப் போத்தலை விட்டுத் திரும்பும் எறும்புபோல்
வலமிருந்து இடமாக.

முன்பக்கம் தேய்த்து முடிக்க நாலு மணி.
பொகவந்தலாவைப் பனி சன்னலுக்கு வந்திருந்தது.
முதலில் மூக்குத்தி தெரிந்தது,
அப்புறம் நான்.
கொஞ்சம் செம்பு நிறமாக,
என்னைவிட ஒரு வயது மூத்தவளாக.

ஸ்கொக்மன் ஐயா வெள்ளைக் கையுறை போட்டு எடுத்தார்.
எடுத்தவர் உட்கார்ந்துவிட்டார்.
எட்ரஸ்கன் என்றார்,
ரோமாபுரிக்கு முந்திய சனங்களாம்.
இத்தாலிக்குச் சண்டைக்குப் போன எவனோ ஒரு துரை
பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருப்பானாம்.
"இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துப் பச்சை, அம்மா.
அதுக்குத்தான் காசே."
"அழுக்குக்கா?" என்று கேட்டேன்.

கிளாக்கர்தான் கத்தினார்,
வெண்கலக் கடைக்குள் யானையை விட்டுட்டேனே என்று.
யானை பேசாமல் நின்றது.
முப்பது வருஷம் கொழுந்து நிறுத்த யானை.
தராசில் ஈரத்துக்கு இரண்டு கிலோ கழிப்பார்கள்,
மழை பெய்தாலும், பெய்யாவிட்டாலும்.
இங்கே ஈரம் துடைத்ததற்குக் கழிக்கிறார்கள்.

"அந்தக் களிம்புதான் உள்ளே இருந்த உலோகத்தைக்
காப்பாத்திச்சு" என்றார் ஐயா. கோபமில்லை அவருக்கு,
செத்த வீட்டில் பேசுகிற குரல்.
டிஸ்பென்சரியில் அட்டைக் கடிக்குத் தருவதும்
களிம்புதான்.
இரண்டுக்கும் ஏன் ஒரே பெயரென்று
அதுவரை நான் யோசித்ததில்லை.

ஆனால் ஐயா,
முகம் பார்க்கத்தானே செய்தார்கள் இதை?
பச்சையாக இருந்தபோது யார் பார்த்தார்கள்?
அந்த ஊரிலும் ஒருத்தி காலையில் எழுந்து
சாம்பலோ மணலோ போட்டுத்
தேய்த்திருக்க மாட்டாளா,
உட்கார்ந்திருக்கிறவள் எழும்புமுன்?
இதை நான் கேட்கவில்லை.
கேட்டது வேறு:
"எழுத்தில என்ன இருக்கு?"

கண்ணாடி வில்லை வைத்துப் பார்த்தார்.
உட்கார்ந்திருப்பவள் பெயர் இருக்கிறதாம்.
அவள் தலைமாட்டில் வைத்துப் புதைத்ததாம் இதை.
"நிக்கிறவளுக்கு?"

வில்லையைச் சாய்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார்.
"ஏதோ இருந்திருக்கு.
அந்த இடம் தேஞ்சு போச்சு" என்றார்,
எப்போது தேய்ந்ததென்று சொல்லவில்லை.
ஒரு தரம் என் விரலைப் பார்த்தார்,
பிறகு சன்னலை.

முப்பத்தொன்பதை அடித்துவிட்டு
வேறு விலை எழுதினார்கள்.
நாற்பது, வெள்ளி டீக்கேத்தல். அதற்குக் குறையில்லை.

லயத்துக்கு இறங்கும்போது இருட்டு.
பீலிக்கரையில் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.
கொழுந்துக் கறை கறுப்பு, அது எனக்குத் தெரிந்தது,
கல்லில் உரசினால் போகும்.
இது பச்சை.
நகக்கண்ணில் நின்றுகொண்டது.
சோறு பிசையாமல் கரண்டியால் சாப்பிட்டேன்.
பிள்ளை சிரித்தது, பங்களாப் பழக்கம் வந்துட்டு என்று.

விளக்கை அணைத்த பிறகும்
கையைத் தள்ளியே வைத்துப் படுத்தேன்.
அவள் பெயர்
இதற்குள் இருந்தாலும் இருக்கும்.